பப்எம்எல்எஸ்டி: மீன் நோய் லேபுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

பப்எம்எல்எஸ்டி, பாக்டீரியாக்களை டிஎன்ஏ வரிசையால் வகை பிரித்து எண் கொடுக்கும் இணையதளம். இலவசமாகக் கிடைக்கும் தளத்துக்கு மதிப்புரை எதற்கு என்று தோன்றலாம். தளம் இலவசம்தான், அங்கே கொண்டுபோய் ஒட்டும் டிஎன்ஏ வரிசை இலவசம் இல்லை. ஒரு பாக்டீரியாவுக்கு 7 ஜீன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு திசையிலும் ரீட் என்றால் 14 சாங்கர் ரீட் (டிஎன்ஏ எழுத்தைத் துண்டு துண்டாகப் படிக்கும் பழைய முறையின் ஒரு வாசிப்பு). பத்து குளத்து மாதிரி வந்தால் 140. அவ்வளவையும் செலவழித்து ஒரு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, இதை என்ன செய்வது என்று விழிக்கும் லேபுகள் நிறைய. எந்தக் கிருமிக்கு இந்த எண் பேசும், எதற்குப் பேசாது என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் சுருக்கமாக, இது என்ன. எல்லா உயிருள்ள செல்லுக்கும் தேவையான, மெதுவாக மாறும் ஆறேழு ஜீன்களில் ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 500 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அது புது அலீல் (ஜீனின் ஒரு வடிவம்), அதற்கு ஒரு புது எண். ஏழு எண்களும் சேர்ந்த வரிசைக்கு ஒரு எஸ்டி (சீக்வென்ஸ் டைப்) எண். எம்எல்எஸ்டி என்ற இந்த முறை 1998-இல் மூளை உறைக் காய்ச்சல் கிருமியான மெனிஞ்சோகாக்கஸுக்காக வந்தது. எண்களைக் காப்பாற்றி, புதியவற்றுக்குப் பெயர் சூட்டும் பதிவேடுதான் பப்எம்எல்எஸ்டி. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்து நடக்கிறது, 130-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர்களுக்குப் பதிவேடு உண்டு. மீன் பக்கம் நமக்கு வேண்டிய ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே, ஏரோமோனாஸ், விப்ரியோ, ஃப்ளேவோபாக்டீரியம் சைக்ரோஃபிலம், டெனாசிபாகுலம் எல்லாம் அதில் இருக்கின்றன.

இதற்கு முன்பு இருந்ததை நினைத்தால் இதன் அருமை புரியும். பாக்ஸ், எரிக் என்று ரெப்-பிசிஆர் (டிஎன்ஏ துண்டுகளைப் பெருக்கிக் கைரேகை போல ஒப்பிடும் முறை) போட்டு, ஜெல்லில் கோடு கோடாக வந்த படத்தை வைத்து "இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரே நாளில், ஒரே ஜெல்லில் ஓட்டிய மாதிரிகளுக்குள் ஒப்பிட அது இன்றைக்கும் மலிவான நல்ல வழிதான். ஆனால் போன வருடத்து ஜெல்லோடு ஒப்பிட முடியாது, பக்கத்து ஊர் லேபோடு ஒப்பிடவே முடியாது. எஸ்டி எண் அப்படியல்ல. தாய்லாந்தில் வந்த 283-உம் பிரேசிலில் வந்த 283-உம் ஒரே 283.

தளத்தைப் பயன்படுத்துவது எளிது. ஒவ்வொரு கிருமிக்கும் இரண்டு தரவுத்தளம்: ஒன்று அலீல், எஸ்டி வரையறைகளுக்கு, மற்றொன்று யார், எங்கே, எந்த வருடம், எந்த உயிரியிலிருந்து பிரித்தார்கள் என்ற விவரத்துக்கு. முதலாவதில் உங்கள் வரிசையையோ முழு ஜீனோம் கோப்பையோ போட்டுத் தேடினால் பொருந்தும் அலீல்களும், எல்லா ஜீனும் பொருந்தினால் எஸ்டியும் வந்துவிடும். ஏழில் ஆறுதான் கிடைத்திருக்கிறது என்றாலும் தெரிந்த எண்களை மட்டும் கொடுத்து நெருங்கிய எஸ்டிகளைக் கேட்கலாம். இந்த வசதியைப் பலர் கவனிப்பதே இல்லை. முடிவை உறவு மரமாக வரைய கிரேப்ட்ரீ, ஐடால் என்ற கருவிகள் இரண்டும் அங்கேயே இணைந்திருக்கின்றன.

இதில் சிக்குவது எங்கே என்றால், ஒட்டிய வரிசையின் ஓரத்தில். அலீலுக்குத் தொடக்கமும் முடிவும் வரையறுக்கப்பட்டவை. நீங்கள் இரண்டு எழுத்து கூடுதலாக வெட்டிவிட்டால் முழுப் பொருத்தம் வராது, "நெருங்கிய அலீல் இது" என்று மட்டும் வரும். புது அலீல் கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளும் முன் வேறுபாடு எந்த இடத்தில் என்று பாருங்கள். துண்டின் கடைசி 30 எழுத்துக்குள், ஒரே திசை ரீடில் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் ரீடின் வால் தேய்ந்த கோளாறு. இரண்டு திசையிலும் ரீடின் வரைபடத்தில் உச்சி தெளிவாக, ஒற்றையாக நின்றால்தான் நம்ப வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு நிறத்தில் இரண்டு உச்சி எழுந்தால் தட்டில் கலப்பு இருக்கிறது என்று பொருள். வரிசையைத் திருத்த உட்காராதீர்கள், கிருமியை உறையவைத்துச் சேமித்த கிளிசரால் குப்பிக்குத் திரும்பிப் போய் மறுபடி கோடிழுத்து ஒற்றைக் காலனி எடுங்கள். முதல் தட்டிலிருந்து எடுத்த காலனியை ஒருமுறையாவது மறு தட்டில் இழைத்துவிட்டுப் பிசிஆருக்குப் போனால் இந்தத் தொல்லையில் முக்கால்வாசி போகும்.

மாதிரியும் அப்படித்தான். செத்து மிதந்த மீனில் குடல் கிருமி உடம்பெங்கும் பரவியிருக்கும். அதிலிருந்து வரும் ஏரோமோனாஸுக்கு எஸ்டி போடுவது தண்ணீருக்கு ஜாதகம் பார்ப்பது போல. சாகக் கிடக்கும், இன்னும் செவுள் அசைகிற மீன் வேண்டும். மூளையும் சிறுநீரகமும் எடுக்க வேண்டும்.

இனி கிருமி கிருமியாக.

மீன் வளர்ப்பில் இந்தத் தளம் தன் விலையை முழுதாகக் கொடுப்பது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியேயில்தான். கண் பிதுங்கி, வட்டமடித்து நீந்திச் சாகும் ஜிலேபி (திலாப்பியா) மீனின் மூளையிலிருந்து வருவது இது. ஏழு ஜீன்கள்: அட்ஹெச்பி, ஃபீஎஸ், ஏடிஆர், ஜிஎல்என்ஏ, எஸ்டிஎச்ஏ, ஜிஎல்சிகே, டிகேடி. மொத்தம் 3,456 எழுத்து. மீனில் திரும்பத் திரும்ப வருவது மூன்று கூட்டம். எஸ்டி 7, உறை வகை (கிருமியைப் போர்த்தியிருக்கும் சர்க்கரை உறையின் வகை) ஒன்று-ஏ. 2001-இல் குவைத் வளைகுடாவில் மடவை மீன் ஆயிரக்கணக்கான டன் செத்து ஒதுங்கியதே, அதில் கிடைத்தது இந்த 7. மனிதரிடமும் இதே 7 உண்டு. அடுத்தது 260, 261, 552 எல்லாம் சேர்ந்த கூட்டம், உறை வகை ஒன்று-பி, இரத்த அகாரில் வளையம் போடாதது. மூன்றாவது எஸ்டி 283, உறை வகை மூன்று.

இந்த எண் தெரிந்தால் பண்ணையில் என்ன மாறும்? தடுப்பூசி மாறும். இந்தக் கிருமிக்கான தடுப்பூசியில் எந்த உறை வகை இருக்கிறதோ அதற்குத்தான் நம்பிக்கையான காப்பு. ஒன்று-பி போட்ட ஊசியை நம்பி ஒன்று-ஏ நோயை எதிர்கொண்டால் காசும் மீனும் போகும். எஸ்டியை வைத்து உறை வகையை ஊகிக்கலாம், ஆனாலும் உறை வகைக்கான மல்டிப்ளெக்ஸ் (ஒரே குழாயில் பல ஜீனைத் தேடும்) பிசிஆரையும் ஒரு தடவை ஓட்டிவிடுவது நல்லது. ஒரு நாள் வேலைதான்.

இரண்டாவது கூட்டம் லேபில் அதிகம் ஏமாற்றும். மீனுக்கே பழகிப்போய் ஜீனோமைச் சுருக்கிக்கொண்ட கிருமி அது. மற்ற இரண்டு கூட்டத்துக்கும் 20 லட்சம் எழுத்துக்கு மேல் இருக்கும். இதற்கு ஏறக்குறைய 18 லட்சம். வளர்ச்சி மந்தம். 37 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்தில் எதுவும் இல்லை என்று தட்டை வீசினால் நோயையே வீசியது போல. 28 முதல் 30 டிகிரியில் 72 மணி நேரம் வரை பொறுத்துப் பாருங்கள். குண்டூசி முனை அளவு காலனி வரும். வளையமும் இருக்காது என்பதால் கண் தவறவிடும்.

டிஎன்ஏ எடுப்பதிலும் ஒரு குறிப்பு. ஏரோமோனாஸ் போன்றவற்றுக்கு ஒரு காலனியை 100 மைக்ரோலிட்டர் தண்ணீரில் கரைத்து 95 டிகிரியில் 10 நிமிடம் கொதிக்கவைத்து, சுழற்றி மேல்நீரை எடுத்தால் போதும். ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சுவர் தடிமன். வெறும் கொதி போதாமல் ஏழில் இரண்டு ஜீன் மங்கலாக வரும், ப்ரைமர் மேல் பழி போடுவோம். லைசோசைம் மில்லிக்கு 20 மில்லிகிராம் கரைசலில் 37 டிகிரியில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்துவிட்டு வழக்கமான கிட்டில் எடுங்கள். அப்படியும் ஒரு ஜீன் மட்டும் பிடிவாதமாக வரவில்லை, மற்ற ஆறும் கச்சிதம் என்றால், அந்த இடமே கிருமியில் மாறிப்போயிருக்கவோ விடுபட்டுப் போயிருக்கவோ வாய்ப்புண்டு. அந்த நிலையில் பிசிஆரை இன்னும் பத்து தடவை ஓட்டுவதை விட முழு ஜீனோமுக்கு அனுப்புவதே சிக்கனம்.

283-ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015-இல் சிங்கப்பூரில் ஆரோக்கியமாக இருந்த பெரியவர்களுக்கு இரத்தத்தில் நஞ்சேறுதல், மூளை உறைக் காய்ச்சல், மூட்டு அழற்சி என்று வந்து, துப்புத் துலக்கியபோது கஞ்சியோடு பச்சையாகச் சாப்பிட்ட நன்னீர் மீன் துண்டுகளில் போய் நின்றது. பெருந்தலைக் கெண்டையும் விரால் இனத்து டோமனும்தான் அந்த மீன்கள். அந்த வருட டிசம்பரில் பச்சை நன்னீர் மீன் உணவுக்கே அங்கே தடை வந்தது. இதே 283 தென்கிழக்கு ஆசிய ஜிலேபிப் பண்ணைகளிலும் மீனைக் கொல்கிறது. மீனிலும் மனிதரிலும் ஒரே எண் என்பதை யாரும் விவாதிக்காமல் ஏற்க முடிந்ததற்கு ஒரு பொதுப் பதிவேடு இருந்ததே காரணம். ஆக, உங்கள் தட்டில் 283 வந்தால் அது பண்ணைக்காரருக்கு மட்டும் சொல்லும் செய்தி இல்லை. மீனை அறுப்பவர் கையுறை போட வேண்டும், பொதுச் சுகாதாரத் துறைக்கும் தகவல் போக வேண்டும்.

ஆனால் எண் ஒன்று என்பதால் மூலமும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். 20 லட்சம் எழுத்தில் நீங்கள் பார்த்தது 3,456, அதாவது நூற்றுக்கு 0.17 பங்கு. "குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்துதான் நோய் வந்தது" என்று பண்ணைக்காரர் வழக்குப் போட நினைத்தால் எஸ்டி சாட்சி சொல்லாது. எண் வேறாக இருந்தால் பெரும்பாலும் "அங்கிருந்து வரவில்லை" என்று சொல்லலாம். ஒன்றாக இருந்தால் "மறுக்க முடியவில்லை" என்பது வரைதான். மேலே போக முழு ஜீனோமில் எழுத்து எழுத்தாக எஸ்என்பி (ஒற்றை எழுத்து மாற்றம்) ஒப்பிட வேண்டும்.

ஏரோமோனாஸ் கதை நேரெதிர். ஆறு ஜீன் திட்டம்: கைர்பி, க்ரோஎல், ஜிஎல்டிஏ, மெட்ஜி, பிபிஎஸ்ஏ, ரெக்ஏ. இந்தப் பேரினம் அவ்வளவு பல்வகையானது என்பதால் போடும் ஒவ்வொரு மாதிரிக்கும் ஏறக்குறைய ஒரு புது எஸ்டி வரும். ஐந்து குளம், ஐந்து எண், ஒன்றோடொன்று ஒட்டாது. அறிக்கையில் பார்க்க அழகாக இருக்கும், பண்ணைக்காரருக்கு எந்தப் பயனும் இல்லை. கெண்டைக் குளத்தில் புண் வந்து சாகும் மீனில் ஏரோமோனாஸ் பல நேரம் இரண்டாவதாக நுழைந்த விருந்தாளி. ஆக்சிஜன் குறைவு, பேன், அம்மோனியா எது முதலில் வந்தது என்று தேடுவதை எஸ்டி தள்ளிப்போட வைக்கும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு 251. அமெரிக்காவின் அலபாமாவில் 2009 முதல் கெளுத்திப் பண்ணைகளில் சந்தைக்குத் தயாரான பெரிய மீனையே வாரிக்கொண்டு போன ஏரோமோனாஸ் ஹைட்ரோஃபிலா இந்த எஸ்டி. சீனத்துக் கெண்டை மீனில் கிடைத்தவற்றோடு நெருங்கிய உறவு. இதைப் பிடிக்க 12 சாங்கர் ரீட் கூட வேண்டாம். மையோ-இனோசிட்டாலை மட்டும் உணவாகக் கொடுத்த குறைந்தபட்ச ஊடகத்தில் வளர்கிறதா என்று பாருங்கள். வளர்ந்தால் மட்டும் ஜீனுக்குப் போங்கள்.

ஏரோமோனாஸில் இந்தத் தளம் உண்மையாகவே உதவுவது வேறு இடத்தில்: இனத்தின் பெயரில். உயிர்வேதிச் சோதனைக் கிட் "ஹைட்ரோஃபிலா" என்று சொன்னதில் கணிசமானவை வெரோனியாகவோ தாகென்சிஸாகவோ இருக்கும். ஜீனோம் கையில் இருந்தால் இதே தளத்தில் ஆர்எம்எல்எஸ்டி என்ற பகுதியில் போடுங்கள். ரைபோசோம் புரதங்களுக்கான 53 ஜீனைப் பார்த்து இனத்தைச் சொல்லும். 16எஸ் (ரைபோசோம் ஆர்என்ஏ ஜீன்) வரிசையை வைத்து ஏரோமோனாஸ் இனத்தைப் பிரிக்கப் பார்ப்பதை விட எவ்வளவோ மேல். எங்கள் கணக்கில் தளத்தின் மிகக் குறைவாகப் பேசப்படும், மிக அதிகம் உதவும் பகுதி இதுதான்.

குளிர்நீர்க் கிருமியான ஃப்ளேவோபாக்டீரியம் சைக்ரோஃபிலத்துக்கு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். ஏழு ஜீன், நன்றாக அமைந்த திட்டம். ஐரோப்பா, வட அமெரிக்கா, ஜப்பான், சிலி என்று வானவில் டிரவுட் வளர்க்கும் இடமெல்லாம் எஸ்டி 10 கூட்டமே கோலோச்சுவது இதனால்தான் தெரிந்தது. கண்டம் விட்டுக் கண்டம் போன முட்டையும் குஞ்சும்தான் கிருமியையும் சுமந்தன என்ற முடிவுக்கு அது வலு. வெதுநீரில் செவுள் அழுகவைக்கும் அதன் பங்காளி கொலம்னேரில் நிலைமை வேறு. பழைய ஃப்ளேவோபாக்டீரியம் கொலம்னேர் 2022-இல் கொலம்னேர், கோவே, டேவிசி, ஒரியோக்ரோமிஸ் என நான்கு இனமாகப் பிரிந்துவிட்டது. நான்கையும் பிரித்துக் காட்ட ஒரே குழாயில் மல்டிப்ளெக்ஸ் பிசிஆர் உண்டு. முதலில் அதை ஓட்டுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே முடியும்.

இறாலும் இந்த லேபுகளுக்கே வருகிறது என்பதால் விப்ரியோவைச் சொல்லாமல் விட முடியாது. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸுக்கு ஏழு ஜீன் திட்டம் இருக்கிறது. மூன்று ஜீன் பெரிய குரோமோசோமில், நான்கு சின்னதில். ரெக்ஏ சில மாதிரிகளில் வேறு கிருமியின் துண்டு நுழைந்து பெரிதாகிப் பிசிஆரில் வராமல் போகும், அது உங்கள் தப்பில்லை. ஆனால் வனாமி இறால் குளத்தில் இஎம்எஸ் (வளர்ப்பின் தொடக்கத்திலேயே இறால் சாகும் நோய்) சந்தேகத்தோடு வந்த மாதிரிக்கு எஸ்டி போடுவது வீண். இறாலின் செரிமானச் சுரப்பியான ஹெபடோபான்கிரியாஸை உரித்துப் போடும் பிர்ஏ, பிர்பி நச்சு ஜீன்கள் குரோமோசோமில் இல்லை. சுமார் 70 ஆயிரம் எழுத்து நீளமுள்ள பிவிஏ1 என்ற பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள டிஎன்ஏ வளையம்) இருக்கின்றன. அது தொலைந்தும் போகும், கேம்ப்பெல்லி, ஓவென்சி என்று வேறு விப்ரியோவுக்கும் தாவும். ஒரே எஸ்டியில் ஒன்று கொல்லும், மற்றொன்று சும்மா இருக்கும். அந்த நச்சு ஜீன்களையே தேடும் ஏபி4 நெஸ்டட் பிசிஆர்தான் அங்கே பதில். ஆன்டிபயாடிக் எதிர்ப்புக்கும் இதே கதைதான்: எஸ்டியைப் பார்த்து மருந்து எழுதக் கூடாது, மருந்து ஊறிய வட்டைத் தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது பலரும் சாங்கரை விட்டு முழு ஜீனோமுக்கு மாறிவிட்டார்கள். 14 ரீடுக்கான விலையையும் ஒரு பாக்டீரியா ஜீனோமுக்கான விலையையும் சேர்த்து விலைப்புள்ளி கேட்டுப் பாருங்கள். இடைவெளி நினைப்பதை விடக் குறைவாக இருக்கும், ஜீனோமில் உறை வகையும் நச்சு ஜீனும் கூடவே வந்துவிடும். குறுந்துண்டு ரீடாக இருந்தால் 50 மடங்கு ஆழம் (ஒவ்வொரு எழுத்தும் சராசரி 50 முறை படிக்கப்படுவது) தாராளம். நீள ரீடு தரும் நானோபோராக இருந்தால் ஆர்10.4.1 ஃப்ளோ செல்லும், மிகத் துல்லிய பேஸ்காலிங்கும் (மின்குறியை எழுத்தாக மாற்றுவது) கட்டாயம். பழைய ஆர்9 தரவில் ஒரே எழுத்து ஐந்தாறு முறை தொடரும் இடத்தில் ஒன்று விழுந்துவிடும். தளம் அதை நேர்மையாகப் "புது அலீல்" என்றே காட்டும். ஏழில் நான்கு புது அலீல் என்று வந்தால் கிருமி புதிதல்ல, ரீடு பழசு.

கட்டளைவரியில் ஓட்டும் எம்எல்எஸ்டி மென்பொருள் இதே பதிவேட்டின் நகலைத்தான் பயன்படுத்துகிறது. அதன் குறிகளைப் படிக்கத் தெரிய வேண்டும்: எண்ணுக்கு முன் ~ இருந்தால் முழு நீளம், ஆனால் புதிது, பின்னால் ? இருந்தால் பாதித் துண்டு. வெறும் கோடு என்றால் கிடைக்கவே இல்லை. மென்பொருளோடு வரும் நகல் பழையதாக இருந்தால் ஏற்கெனவே எண் கொடுத்த எஸ்டிக்கும் கோடுதான் வரும். புதிது என்று எழுதும் முன் தளத்தில் ஒருமுறை ஒட்டிப் பார்த்துவிடுங்கள். விப்ரியோவில் பொதுத் திட்டமும் பாராஹீமோலிட்டிகஸ் திட்டமும் தனித்தனி. மென்பொருளைத் தானாகத் தேர்வுசெய்ய விடாமல் திட்டத்தின் பெயரை நீங்களே கொடுங்கள்.

குறைகளில் பெரியது பிரிப்பு விவரத் தளத்தில் இருக்கிறது. அகலாக்டியேயைத் திறந்தால் பெரும்பாலும் மனித மாதிரிகள். மீன் ஒரு ஓரத்தில். மீன் என்று இருந்தாலும் என்ன மீன், எந்த உறுப்பு, நோயா வெறும் கண்காணிப்பா என்ற கட்டங்கள் காலி. ஒரு நாட்டுக்கு இருபது பதிவு, பக்கத்து நாட்டுக்குப் பூஜ்யம் என்றால் அங்கே நோய் இல்லை என்று பொருளல்ல, யாரும் ஏற்றவில்லை என்று பொருள். அந்த வரைபடத்தை அப்படியே எடுத்துப் "பரவல்" என்று தலைப்பிட்டு ஆய்வேட்டில் ஒட்டுவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

புது அலீலோ புது எஸ்டியோ உறுதியானால் சமர்ப்பிக்கப் பதிவு செய்துகொள்ள வேண்டும். சாங்கர் என்றால் இரண்டு திசைக் குரோமடோகிராம் (உச்சி வரைபடம்) கோப்பையும் தயாராக வைத்திருங்கள். ஜீனோம் என்றால் ரீடுகளைச் சேர்த்துக் கட்டிய அசெம்ப்ளி. ஒவ்வொரு கிருமிக்கும் தன்னார்வப் பொறுப்பாளர் பார்த்து எண் கொடுப்பார், ஆகவே நேரம் கிருமிக்குக் கிருமி மாறும். கட்டுரை அனுப்பும் முந்தின நாள் சமர்ப்பித்துவிட்டு எண் எங்கே என்று கேட்பதில் நியாயமில்லை. இடத்துக்கு மாவட்டமோ மாநிலமோ போதும். பண்ணையின் பெயரையும் ஜிபிஎஸ் புள்ளியையும் ஏற்றினால் அடுத்த முறை அந்தப் பண்ணைக்காரர் மாதிரியே தரமாட்டார். மீன் இனம், உறுப்பு, நீரின் வெப்பநிலை, வருடம் இந்த நான்கையும் மட்டும் காலியாக விடாமல் நிரப்புங்கள்.